நிலக்கடலை விதைக்கு யார் பொறுப்பு?

ஒரு லட்சம் ஹெக்டேரில் நிலக்கடலை விதைக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ஹெக்டேருக்கு 120 கிலோ பருப்பு என்றால் 12,000 டன் சான்று விதை, அதாவது தரம் சோதித்து விவசாயிக்குக் கொடுக்கும் விதை, வேண்டும். சுருங்கியது, உடைந்தது எல்லாம் கழித்து ஹெக்டேருக்கு ஒரு டன் விதைப் பருப்பு தேறும் என்று எடுத்துக்கொண்டால், விதைக்காக மட்டுமே 12,000 ஹெக்டேரில் கடலை போட வேண்டும். அந்த நிலத்தில் விதைக்க அதற்கு முந்திய படியான ஆதார விதை 1,440 டன். அதை விளைவிக்க 1,440 ஹெக்டேர். அதில் போட எல்லாவற்றுக்கும் மூலமான வல்லுநர் விதை 173 டன், அதற்கு இன்னொரு 173 ஹெக்டேர். இந்தக் கடைசி 173 ஹெக்டேரும் ரகத்தை உருவாக்கிய நிலையத்தின் நேரடிக் கண்காணிப்பில் இருக்க வேண்டியவை.

நெல்லுக்கு இதே கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஹெக்டேருக்கு 50 கிலோ விதை, விதை மகசூல் 3 டன். ஒரு லட்சம் ஹெக்டேருக்கு 5,000 டன் சான்று விதை, அதை விளைவிக்க 1,667 ஹெக்டேர். அதற்கு 83 டன் ஆதார விதை, 28 ஹெக்டேர். அதற்கு 1.4 டன் வல்லுநர் விதை, அரை ஹெக்டேர் கூட வேண்டாம். நெல்லுக்கு ஏறத்தாழ ஒரு ஏக்கர், கடலைக்கு 173 ஹெக்டேர். நெல் ஒரு பட்டத்தில், அதாவது ஒரு பயிர்ப் பருவத்தில், 60 மடங்கு பெருகுகிறது, கடலை எட்டு மடங்கைக் கொஞ்சம் தாண்டுகிறது. வித்தியாசம் அவ்வளவுதான். ஆனால் மூன்று படி ஏறும்போது அந்த வித்தியாசம் மலையாகிவிடுகிறது.

வேளாண்மையில் அரசுக்கு என்ன வேலை என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் காட்டுவது இந்தக் கணக்கைத்தான். கடலை தன் மகரந்தச் சேர்க்கைப் பயிர். ஒருமுறை நல்ல விதை வாங்கிய விவசாயி அடுத்த சில பட்டங்களுக்குத் தன் விளைச்சலிலிருந்தே விதை எடுத்துக்கொள்வார், கடைக்குத் திரும்ப மாட்டார். விதையோ இடத்தை அடைக்கும். 12,000 டன் பருப்பு என்பது காயாகக் கணக்கிட்டால் சுமார் 17,000 டன். பருப்பாக உடைத்து வைத்தால் முளைப்புத்திறன் சீக்கிரமே போய்விடும் என்பதால் காயாகத்தான் இருப்பு வைத்தாக வேண்டும். பெருக்கம் குறைவு, எடை அதிகம், ஆயுள் சொற்பம், வாங்கியவர் மறுபடி வருவதில்லை. இப்படிப்பட்ட சரக்கில் வியாபாரி முதல் போடாமல் இருப்பதைக் குற்றம் சொல்ல முடியாது. வீரிய ஒட்டு மக்காச்சோளத்தில் ஒவ்வொரு பட்டத்துக்கும் புது விதை வாங்கியே ஆக வேண்டும். அங்கே தனியார் தாமாகவே வருகிறார்கள், வரட்டும். அந்த இடத்தில் அரசு போட்டிக்கு நின்று பணத்தைக் கரைக்க வேண்டியதில்லை. கடலை, உளுந்து, சிறுதானியம், தீவனப் புல் போன்றவற்றில் அரசு விலகினால் அந்த இடம் காலியாகவே கிடக்கும். விவசாயி பழைய விதையையே பதினைந்து, இருபது வருடம் திரும்பத் திரும்பப் போடுவார்.

அரசு கையில் எடுத்த பிறகு இந்தச் சங்கிலி எங்கே அறுகிறது என்பதும் எல்லா இடத்திலும் ஏறத்தாழ ஒன்றுதான். முதல் கண்ணி தேவைப் பட்டியல். இன்று வயலில் சான்று விதை வேண்டுமானால், வல்லுநர் விதைக்கான பட்டியல் குறைந்தது மூன்று பட்டங்களுக்கு முன்பே போயிருக்க வேண்டும். பல துறைகளில் இந்தப் பட்டியல் சென்ற ஆண்டுப் பட்டியலின் நகல். போன வருடம் எந்த ரகம் எவ்வளவு என்று எழுதியதோ அதுவே இந்த வருடமும். புது ரகம் வெளியாகியும் வயலுக்கு வராமல் இருப்பதற்கு ஆராய்ச்சி நிலையத்தை மட்டும் திட்டுவதில் பயனில்லை. அந்த ரகத்தின் பெயரைப் பட்டியலில் எழுத ஒருவரும் இல்லை என்பதே பாதிக் காரணம்.

இரண்டாவது கண்ணி வயல். விதைக் கடலைக்கு 40, 45-ஆம் நாளில் ஹெக்டேருக்கு 400 கிலோ ஜிப்சம் இட்டு மண் அணைப்பது அழகுக்காக அல்ல. கடலைக் காய் தனக்கு வேண்டிய கால்சியத்தை வேர் வழியாகப் பெறுவதில்லை, சுற்றியுள்ள மண்ணிலிருந்து நேரடியாக உறிஞ்சுகிறது. மண்ணில் கால்சியம் குறைந்தால் காய் உள்ளே பருப்பில்லாமல் பொக்காகும். பொக்காகாமல் தப்பிய பருப்பும் முளைப்பில் தோற்கும். பார்வைக்கு நன்றாக இருக்கும் விதை ஆய்வகத்தில் தோற்பதற்கு இது ஒரு முக்கியமான காரணம். அறுவடைக்குப் பிறகு சுடுகிற சிமெண்ட் களத்தில் உச்சி வெயிலில் கொட்டி ஒரே நாளில் காய வைத்தாலும் இதே கதிதான். காய் மேலே தெரியும்படி செடியைக் குவித்து நிழலும் வெயிலுமாக இரண்டு மூன்று நாள் வாட விட்டு, பிறகு காயைப் பிரித்து, ஈரப்பதம் 9 சதவீதத்துக்குக் கீழே வரும்வரை மெதுவாக உலர்த்த வேண்டும். விதையின் ஈரம் ஒவ்வொரு சதவீதம் குறையும்போதும் அதன் சேமிப்புக் காலம் ஏறத்தாழ இரட்டிப்பாகும் என்பது விதை ஆராய்ச்சியாளர் ஹாரிங்டன் சொன்ன பொதுவிதி. கிடங்கின் வெப்பம் 5 டிகிரி செல்சியஸ் குறைந்தாலும் அதே பலன். குளிர்சாதனக் கிடங்கு கட்டப் பணமில்லாத துறைக்கு இதைவிட நல்ல செய்தி கிடையாது. இரண்டு சதவீதம் கூடுதலாக உலர்த்துவது, கிடங்கை 10 டிகிரி குளிர்விப்பதற்குச் சமம்.

மூன்றாவது கண்ணி பணம், அதிகம் அறுவது இங்கேதான். விதைப் பண்ணை போட ஒப்பந்தம் செய்த விவசாயியின் வீட்டு வாசலில் அறுவடை அன்றே வியாபாரி ரொக்கத்தோடு வந்து நிற்பார். அரசோ விதையை எடுத்து, சுத்திகரித்து, மாதிரி அனுப்பி, முளைப்பு முடிவு வந்த பிறகுதான் பணம் தரும். கடலை முளைப்புப் பரிசோதனைக்கே 10 நாள், நெல்லுக்கு 14 நாள். நூறு நூறாக நான்கு தொகுதி, மொத்தம் 400 விதை போட்டு எண்ணுகிற வேலை அது, அதை அவசரப்படுத்த முடியாது. ஆனால் பதினாலு நாள் எப்படி நான்கு மாதமாகிறது? மாதிரி மேசையில் காத்திருக்கிறது, முடிவு கோப்பில் காத்திருக்கிறது, கையெழுத்து விடுப்பில் இருக்கிறது. அதற்குள் நல்ல விதை எண்ணெய் ஆட்டப் போய்விடும். சரக்கைக் கொடுத்த அன்றே சந்தை விலையைக் கொடுத்துவிட்டு, விதைக்கான கூடுதல் தொகையை மட்டும் முளைப்பு முடிவுக்குப் பிறகு தருவதுதான் இதற்கு வழி. அதற்குத் தேவை புதுத் திட்டமோ புது அலுவலகமோ இல்லை. அறுவடை மாதத்தில் கையிருப்பாக ஒரு சுழல்நிதி இருந்தால் போதும்.

விதைக்கு முன்னால் ரகம் வேண்டும். ரகத்துக்கு வேண்டியது பொறுமை. இன்றைய குட்டைக் கோதுமைகளில் பெரும்பாலானவற்றுக்கு ஆதாரமான குட்டைத்தன்மை மரபணுக்கள் ‘நோரின் 10’ என்ற ஜப்பானிய ரகத்திலிருந்து வந்தவை. அதை உருவாக்கியது ஜப்பானின் இவாத்தே பகுதியில் இருந்த அரசுப் பரிசோதனை நிலையம், ஆண்டு 1935. ஊருக்குள் அது பெரிதாக எடுபடவில்லை. 1946-ல் அமெரிக்க வேளாண்மைத் துறையைச் சேர்ந்த சால்மன் அங்கே போனபோது விதையை எடுத்துவந்தார். வாஷிங்டன் மாநிலத்தில் பொதுப்பணத்தில் வேலை செய்த ஓர்வில் வோகல் அதை ஒட்டுச் சேர்த்தார். அந்த வித்து மெக்ஸிகோவில் கோதுமை ஆராய்ச்சியாளர் நார்மன் போர்லாக் கைக்குப் போனது. மெக்ஸிகோவில் முதல் குட்டைக் கோதுமைகள் வெளிவந்தது 1962-ல். நடுவே 27 வருடம், மூன்று நாடுகள். இடையில் இருந்த எவரும் விதையைப் பூட்டி வைக்கவில்லை. ஒவ்வொரு காலாண்டுக்கும் லாபக் கணக்குக் காட்ட வேண்டிய அமைப்பு இவ்வளவு காலம் ஒரு விதையைச் சுமக்காது. நெல்லில் ஐ.ஆர். 8 வேகமாக வந்தது. சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் தொடங்கியது 1960, ரகம் வெளியானது 1966. ஆனால் அந்த வேகத்துக்கும் அடியில், இந்தோனேசியாவின் பேட்டாவும் தைவானின் குட்டை ரகமான டீ-ஜியோ-வூ-ஜென்னும் யாரோ ஆண்டுதோறும் புதுப்பித்துப் பாதுகாத்த விதைகளாகக் கைவசம் இருந்தன.

விற்கவே முடியாத நன்மைகளும் உண்டு. 1970-களின் தொடக்கத்தில் மரவள்ளி மாவுப்பூச்சி தென் அமெரிக்காவிலிருந்து ஆப்பிரிக்காவுக்குள் புகுந்தது. அங்கே அதற்கு இயற்கை எதிரி இல்லாததால் பல நாடுகளில் மரவள்ளி அழிந்தது. நைஜீரியாவில் உள்ள சர்வதேச வெப்பமண்டல வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில் ஹான்ஸ் ஹெரன் தலைமையில் ஒரு குழு, பூச்சி பிறந்த மண்ணில் அதன் எதிரியைத் தேடியது. பராகுவேயில் கிடைத்த ஓர் ஒட்டுண்ணிக் குளவியை 1981 முதல் ஆப்பிரிக்காவில் விட்டார்கள். குளவி தானாகப் பெருகி, தானாகப் பரவி, பூச்சியை அடக்கியது. எவரும் பாட்டில் வாங்கவில்லை, தெளிப்பான் வாங்கவில்லை, அடுத்த வருடம் திரும்ப வாங்க வேண்டிய அவசியமும் இல்லை. அதனால்தான் எந்தக் கம்பெனியும் அந்தக் குளவியைத் தேடிப் போகவில்லை. பொதுத்துறை என்ற சொல்லுக்கு இதைவிடத் தெளிவான விளக்கம் எனக்குத் தெரியவில்லை.

இவ்வளவு செய்ய முடிந்த பொதுத்துறை ஏன் பல இடங்களில் வெறும் கட்டடமாக நிற்கிறது? நிதி குறைவு என்பதுதான் வழக்கமான பதில். ஆப்பிரிக்க ஒன்றிய நாடுகள் 2003-ல் மபுட்டோவில் கூடி, அரசு பட்ஜெட்டில் 10 சதவீதத்தை வேளாண்மைக்கு ஒதுக்குவதாக உறுதி எடுத்தன. நல்ல உறுதிதான். ஆனால் அந்த 10 சதவீதம் எதற்குப் போகிறது என்பதே கேள்வி. ஒரு துறையின் பட்ஜெட்டைக் கையில் எடுத்தால் நான் மூன்றே வரிகளைப் பார்ப்பேன்: சம்பளம், கட்டுமானம், இயக்கச் செலவு. சம்பளமும் கட்டுமானமும் சேர்ந்து ஏறத்தாழ முழுவதையும் விழுங்கியிருந்தால், அந்தத் துறையில் ஆளும் இருப்பார், அலுவலகமும் இருக்கும், வண்டிக்கு டீசல் இருக்காது. மண் பரிசோதனை நிலையத்தில் கருவி இருக்கும், அமிலம் தீர்ந்திருக்கும்.

டேனியல் பெனோர் வகுத்து, உலக வங்கி 1970-களிலிருந்து பல நாடுகளில் பரப்பிய ‘பயிற்சி - பார்வை’ விரிவாக்க முறை, அதாவது விவசாயிக்குப் புது முறைகளைக் கொண்டுபோய்ச் சொல்லும் முறை, இதற்குச் சரியான பாடம். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை குறித்த நாளில் விரிவாக்கப் பணியாளர் குறித்த ஊருக்குப் போவார். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அவருக்கே பயிற்சி நடக்கும். அவருடைய தலையில் உர விநியோகம், கடன் வசூல் என்று வேறு வேலை எதையும் கட்டக் கூடாது. காகிதத்தில் இன்றும் எனக்கு இந்த முறை பிடிக்கும். விவசாயிக்கு ஆள் வரும் தேதி தெரியும் என்பது சாதாரண விஷயம் இல்லை. ஆனால் அதற்கு ஏராளமான ஆட்கள் வேண்டும், அவர்களுடைய பயணப்படி நிற்காமல் வர வேண்டும். உலக வங்கியின் கடன் பணம் இருந்தவரை ஓடியது. அது முடிந்து, நாட்டின் சொந்த பட்ஜெட்டில் அந்தச் செலவு ஏறவேண்டிய நாளில் வருகை நின்றது. இன்னொரு குறையும் இருந்தது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை சொல்ல, மாவட்டத்துக்கு மாவட்டம் பொருந்துகிற புதுச் செய்தி ஆராய்ச்சி நிலையங்களிடம் கையிருப்பில் இல்லை. ஒரே செய்தியை நான்காவது முறை கொண்டுவரும் ஆளை விவசாயி களத்து மேட்டோடு அனுப்பிவிடுவார்.

சாலையிலும் இதே கதை, கொஞ்சம் சுருக்கமாகச் சொல்கிறேன். சரளைச் சாலையைக் கொல்வது லாரியைவிடத் தண்ணீர்தான். நடுவிலிருந்து இருபுறமும் 4 முதல் 6 சதவீதச் சரிவு இருக்க வேண்டும், அதாவது மூன்று மீட்டர் அகலப் பாதியில் 12 முதல் 18 சென்டிமீட்டர் இறக்கம். பக்க வடிகாலும் சிறுபாலமும் மழைக்கு முன் தூர் எடுக்கப்பட வேண்டும். இதற்கு மண்வெட்டியும் சில நாள் கூலியும் போதும். இதை விட்டுவிட்டால் தண்ணீர் சாலையின் நடுவில் நின்று, அடித்தளம் நனைந்து, அடுத்த அறுவடை வண்டி அதை உழுதுவிடும். ஆப்பிரிக்காவில் பத்தாண்டுக் காலத்தில் 1,200 கோடி டாலரை உரிய நேரத்தில் பராமரிப்புக்குச் செலவிட்டிருந்தால் 4,500 கோடி டாலர் மறுகட்டுமானம் தேவைப்பட்டிருக்காது என்று உலக வங்கி 1994-ல் கணக்கிட்டது. பராமரிப்புக்குத் திறப்பு விழா இல்லை, கல்வெட்டு இல்லை. அதனால் அந்த வரிதான் முதலில் வெட்டப்படுகிறது.

கொள்முதல் நிலையத்தில் விவசாயி அரசைக் கண்ணுக்கு நேராகச் சந்திக்கிறார். ஆகவே அங்கே நடக்கும் சிறு அநியாயம்கூடப் பெரிதாகத் தெரியும், தெரியவும் வேண்டும். 18 சதவீத ஈரத்தோடு 1,000 கிலோ நெல் வருகிறது. நிலையத்தின் கணக்கு 14 சதவீதத்துக்கு. உலர் பொருள் 820 கிலோ, அது எங்கும் போகாது. 820-ஐ 0.86-ஆல் வகுத்தால் 953.5 கிலோ. ஆக நியாயமான கழிவு 46.5 கிலோ, ஒரு சதவீத ஈரத்துக்குக் குவிண்டாலுக்கு ஏறத்தாழ 1.16 கிலோ. ‘சதவீதத்துக்கு இரண்டு கிலோ’ என்று வாய்க்கணக்கில் பிடித்தால் 80 கிலோ போகும், அதில் 33 கிலோவுக்கு மேல் விவசாயியின் சோறு. இந்தக் கழிவு அட்டவணையை ஒரு பலகையில் எழுதித் தராசுக்கு மேலே மாட்டுவதற்கு ஆகும் செலவு ஒரு டப்பா பெயிண்ட்.

ஈரத்தை அளக்கும் மானியிலும் கவனம் வேண்டும். ஈரமானி தானியத்தின் மின் இயல்பை அளந்து ஈரமாக மாற்றிக் காட்டுகிறது. எனவே எந்தத் தானியம் என்ற அமைப்பு மாறியிருந்தால் எண்ணும் மாறும். களத்து வெயிலிலிருந்து நேராக வந்த சூடான நெல்லை அளந்தால் தவறான எண் வரும், நிழலில் ஆறவிட்டு அளக்க வேண்டும். மூட்டையின் வாயிலிருந்து ஒரு பிடி எடுப்பது மாதிரி ஆகாது. மேலே காய்ந்திருக்கும், நடுவில் ஈரம் இருக்கும், சில சமயம் நேர்மாறாகவும் இருக்கும். குத்தூசியைப் பல மூட்டைகளில் நடுவரை செலுத்தி எடுத்து, ஒன்றாகக் கலந்து, மூன்று முறை அளந்து சராசரி போட வேண்டும். பட்டத்துக்கு ஒருமுறையாவது அடுப்பில் உலர்த்தி எடை பார்க்கும் முறையோடு மானியை ஒப்பிட வேண்டும். ஒப்பிட்ட தேதியை மானியின் மேலேயே ஒட்டிவைத்தால் வாக்குவாதம் பாதி குறையும்.

வாங்கிய தானியம் கிடங்கில் கெடுவதும் பெரும்பாலும் சிறிய விஷயங்களால்தான். அடிக்கட்டை இல்லாமல் தரையில் அடுக்கிய மூட்டை, கிழிந்த தார்ப்பாய், இரண்டே நாளில் பிரித்துவிட்ட புகைமூட்டம். புகைமூட்டத்துக்குப் பயன்படும் பாஸ்பீன் வாயு வளர்ந்த வண்டைச் சீக்கிரம் கொல்லும். முட்டையும் கூட்டுப்புழுவும் தாக்குப்பிடிக்கும். காற்றுப் புகாமல் மூடி ஏழு நாளாவது வைத்தால்தான் முழுப் பலன். ஓட்டைப் போர்வையில் அரைகுறையாகப் போட்டால் தப்பிப் பிழைப்பது மருந்தைத் தாங்கும் வண்டு, அடுத்த தலைமுறை அதன் பிள்ளைகள்.

அரசின் கை நீளம் என்பதால் அதன் தவறும் நீளமானது. 2021 ஏப்ரலில் இலங்கை அரசு ரசாயன உர இறக்குமதிக்குத் தடை விதித்தது, அதே ஆண்டு நவம்பரில் தடையைத் தளர்த்தியது. இயற்கை வேளாண்மை சரியா தவறா என்பது வேறு விவாதம். ஒரு நாட்டு நெல்வயலுக்குத் தேவையான தழைச்சத்தை எருவாகத் தயாரித்து, வண்டியேற்றி, நடவுக்கு முன் சேர்க்க எத்தனை பட்டம் ஆகும் என்ற கணக்குத்தான் அங்கே போடப்படாமல் விட்டது. ஏழே மாதத்தில் மாற்றிய கட்டளைக்கு நடுவில் ஒரு முழு விளைச்சல் சிக்கிக்கொண்டது.

கால்நடைக்கு வருவோம். கோமாரித் தடுப்பூசியை 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும் என்று எல்லாருக்கும் தெரியும். ஆனால் சூட்டுக்குப் பயந்து உறைகலத்தில் வைத்துக் கெடுப்பவர்கள் உண்டு. உறைந்த கோமாரி மருந்து கெட்ட மருந்துதான், திரும்ப உருக்கினாலும் வேலை செய்யாது. பனிக்கட்டிப் பையை உறைகலத்திலிருந்து எடுத்தவுடன் குப்பியோடு ஒட்டி வைத்தாலும் இதுவே நடக்கும். பை வியர்க்கத் தொடங்கும்வரை வெளியே வைத்து, நடுவே ஒரு துணியோ அட்டையோ வைத்துத்தான் குப்பிகளை அடுக்க வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை திரும்பப் போட வேண்டிய ஊசி இது. முதல் ஊசி போட்ட கன்றுக்கு ஒரு மாதத்தில் இன்னொன்று. ஒரு சுற்று தவறினால் அதற்கு முந்திய சுற்றுக்குச் செலவழித்த பணமும் சேர்ந்தே போகிறது.

ரிண்டர்பெஸ்ட் என்கிற வெக்கை நோய் இதைப் பெரிய அளவில் காட்டியது. வால்டர் பிளவ்ரைட் 1960 வாக்கில் உருவாக்கிய தடுப்பூசி ஒரே ஊசியில் மாட்டுக்கு நீடித்த எதிர்ப்பைத் தந்தது. 1962-ல் தொடங்கி 1976 வரை ஆப்பிரிக்காவில் பல நாடுகள் சேர்ந்து ‘ஜேபி 15’ என்ற பெயரில் ஊசி போட்டன. நோய் ஏறத்தாழ மறைந்தது. மறைந்ததும் பணமும் ஆளும் வேறு பக்கம் போயின. எட்ட முடியாத மூலைகளில் மிஞ்சியிருந்த கிருமி 1980-களின் தொடக்கத்தில் மறுபடி ஆப்பிரிக்காவின் பல நாடுகளில் பரவி மாடுகளைக் கொன்றது. இரண்டாம் முறை வேறு விதமாகச் செய்தார்கள். குளிர்ப்பெட்டி இல்லாமலே வாரக்கணக்கில் தாங்கும் வகையில் ஜெஃப்ரி மரைனர் தடுப்பூசியை மாற்றியமைத்தார். மருத்துவர் போக முடியாத இடங்களில் அங்கே மாடு மேய்ப்பவர்களுக்கே பயிற்சி கொடுத்து ஊசி போட வைத்தார்கள். கடைசியாக நோய் உறுதியானது 2001-ல் கென்யாவில். அதன் பிறகு ஊசி போடுவதைப் படிப்படியாக நிறுத்திவிட்டு, வருடக்கணக்கில் ரத்த மாதிரி எடுத்து ‘இல்லை, இல்லை’ என்று எழுதிக்கொண்டே இருந்தார்கள். 2011-ல்தான் உலகம் அந்த நோயிலிருந்து விடுபட்டதாக அறிவிப்பு வந்தது.

நோய் போன பிறகும் அந்த வேலை முடியவில்லை. பழைய கிருமி மாதிரிகள் பல நாட்டு ஆய்வகங்களின் உறைகலங்களில் கிடந்தன. இங்கிலாந்தில் கால்நடை நோய்களை ஆராயும் பிர்பிரைட் நிலையம் தன்னிடம் இருந்தவற்றின் மரபணு வரிசையைப் பதிவு செய்துவிட்டு, 2019-ல் அவற்றை அழித்தது. மீதமுள்ளவை அனுமதி பெற்ற சில ஆய்வகங்களில், பூட்டும் பதிவேடுமாக, அவசரத்துக்கான தடுப்பூசி இருப்போடு காவலில் இருக்கின்றன. அந்தக் காவலுக்கும் ஆண்டுதோறும் யாரோ ஒருவர் பட்ஜெட்டில் ஒரு வரி எழுத வேண்டியிருக்கிறது.